குளிருக்கு நாள் கிழமை தெரியாது

கிள்ளான்
12.11.1981

அன்புத் தங்கை சீதாலெட்சுமிக்கு அக்கா இராஜம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் அத்தானும் நானும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை தியாகராஜனும் குழந்தை சாந்தினியும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. சாந்தினி கம்பளித் தொப்பிக்குள் கண் மட்டும் தெரிய நிற்கிறாள். அப்பா அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். பிரேக் ஷூ வாங்க வந்தவர்கூட, பேத்தி இங்கிலாந்தில் இருக்கிறாள், மாப்பிள்ளை இரும்பாலையில் பிளான் வரைகிறவர் என்பதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அம்மா போன பிறகு அவர் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இருமல் மட்டும் விட்டபாடில்லை.

பனி வழுக்கிப் படியில் விழுந்து மணிக்கட்டு வீங்கியிருப்பதாகச் செப்டம்பரில் எழுதினாயே, சரியாகிவிட்டதா? இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றையும் காணோம்.

இனி கார் விஷயம். காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, அவர் உட்கார்ந்தால் ஒரே திருப்பில் எடுக்கிறது, நான் சோக் இழுக்கிற விதமே சரியில்லை என்கிறார், எனக்கு வண்டி கட்டுப்படாதாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மேரு ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்ற அன்றைக்கு, லோரிகளே நின்றுபோன இடத்தில், அத்தானின் பழைய மோரிஸை உருட்டிக்கொண்டு வீடு சேர்ந்தவள் நீ. அதே மோரிஸ் மைனர்தானே அங்கேயும்? உன் கைக்கு அது புதிதா?

ஆனால் குளிரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நம் கடைக்கு வருகிறவர்களுக்கு வண்டி சூடாகிற கவலைதான். ரேடியேட்டர் கொதிக்கிறது, ஹோஸ் வெடித்தது என்று வருவார்கள். குளிரில் எஞ்சின் எழும்பவில்லை என்று கிள்ளானில் இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போய்க் கார்த்திகேசு அங்கிளைப் பார்த்தேன். நாம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் குடியிருந்தபோது எதிர்வீட்டில் இருந்தாரே, அவர்தான். இளவயதில் ரயில்வே அவரை இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே ஒரு பழைய ஆஸ்டின் வைத்திருந்தாராம். கேட்டதும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கோப்பியைக்கூட ஆறவிட்டு விட்டார்.

குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல் ஈரமாகவே நிற்குமாம். அதனால்தான் சோக் இழுத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறோம். முதல் ஸ்டார்ட்டுக்கு முழுதாக இழு. எண்ணெய் மிதியில், அதுதான் ஆக்ஸிலரேட்டரில், காலை வைக்காதே. பதற்றத்தில் மிதித்து மிதித்துப் பெட்ரோலை நிரப்பினால் பிளக் நனைந்துவிடும், பிறகு யார் வந்தாலும் எழும்பாது. கிளட்சை மட்டும் அழுத்திக்கொள். உறைந்த கியர் எண்ணெயைச் சுற்றுகிற பாரம் எஞ்சினுக்குக் குறையும். எஞ்சின் பிடித்ததும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளு, ஒரு மைல் போனதும் முழுதும் தள்ளிவிடு. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கவே கூடாது, உறைந்தால் எஞ்சினையே பிளந்துவிடும். அதற்கென்று ஒரு திரவம் அங்கே விற்கிறார்களாம். குளிரில் பேட்டரிக்குப் பாதி உயிர்தான். அவர் இரவில் அதைக் கழற்றி அடுப்பங்கரையில் வைப்பாராம், வீட்டுக்காரி திட்டுவாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் காட்டு. ஆஸ்பத்திரிக்கு இன்னொரு தரம் தாமதமாக வந்தால் நர்ஸ் வேலை நிலைக்காது என்று வார்டு சிஸ்டர் சொன்னதையும் அவரிடம் சொல். உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

குழந்தைக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அன்பு அக்கா இராஜம்மா


கிள்ளான்
18.12.1981

அன்புள்ள சீதாவுக்கு,

நலம். நலமே நாடுகிறேன். நீ கேட்டுக்கொண்டபடி இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன். ஏன் என்று நீ எழுதவில்லை. வார்டுத் தாளில் பென்சிலால் அவசர அவசரமாக எழுதியிருந்தாய். வீட்டுக்கு வரும் கடிதங்களை அவர்தான் முதலில் பிரிக்கிறார் என்ற ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருந்தாய். அடித்த பிறகும் அதைப் படிக்க முடிந்தது.

அங்கே பனி கொட்டுவதை இங்கே டிவியில் காட்டினார்கள். கார்களெல்லாம் வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தன. அப்பா டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். நீ தெரிவாய் என்று நினைத்தாரோ என்னவோ. நீ மறுபடியும் பனியில் வழுக்கி விழுந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் எழுதியபடியெல்லாம் செய்தும் சில நாள் காலையில் கார் எழும்பவே இல்லை என்கிறாய். லெஸ்டரில் வீரம்மா வைத்த விருந்துக்குப் போக முடியாமல் போனது எனக்கும் வருத்தம்தான். நர்ஸ் பயிற்சியில் உன்னோடு படித்தவள், அந்த நாட்டில் உனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். குழந்தையை உடுத்திக் கிளப்பி, பலகாரம் செய்து கட்டி, கடைசியில் காருக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்ப வீட்டுக்குள் வந்தாய் என்று படித்தபோது எனக்கு மனசு தாங்கவில்லை.

அங்கிளை மறுபடி போய்ப் பார்த்தேன். இந்த முறை அவர் சொன்னது: கார்புரேட்டர் தலையில் ஒரு பித்தளை மூடி இருக்கும், அதற்குள் மெல்லிய எண்ணெய் கொஞ்சம் விட வேண்டும், அது வற்றினால் குளிரில் வண்டி திணறும். பிளக் வயர்களில் ஈரம் இருந்தால் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். கடும் பனி நாளைவிட, பனி விட்டு ஈரக்காற்று அடிக்கிற நாள்தான் ஓடுகிற வண்டிக்கு ஆபத்தாம். அன்றைக்குக் கார்புரேட்டருக்குள்ளேயே பனி பிடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும். பயப்படாமல் ஓரமாக நிறுத்திக் காத்திருந்தால் எஞ்சின் சூட்டில் பனி உருகி, தானாகவே சரியாகுமாம்.

ஆனால் போனட்டைத் திறக்கவே கூடாது என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பதாக நீ எழுதியதை நான் படித்துக் காட்டியதும் அங்கிள் அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு இரண்டு கேள்வி கேட்டு எழுதச் சொன்னார். எழும்பாத நாட்களில் எஞ்சின் பலமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? எந்தெந்த நாள் எழும்பவில்லை?

மறக்காமல் பதில் எழுது. கையைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
இராஜம்மா


கிள்ளான்
6.1.1982

சீதா,

இதைப் படித்ததும் வார்டிலேயே கிழித்துப் போட்டுவிடு. வீட்டுக்குக் கொண்டு போகாதே.

உன் பதிலை அங்கிளிடம் வாசித்தேன். எஞ்சின் நன்றாகப் பலமாகச் சுற்றுகிறது, ஆனால் ஒரு தரம்கூட இருமுவதில்லை என்று எழுதியிருந்தாய். எழும்பாத நாட்களையும் எழுதியிருந்தாய். வார்டுக்குத் தாமதமான அந்த ஒன்றிரண்டு காலை. லெஸ்டருக்குக் கிளம்பிய நாள். நிரந்தர வேலைக்கு நேர்முகம் இருந்த நாள். வார்டில் கிறிஸ்மஸ் விருந்துக்கு உன்னைக் கூப்பிட்டிருந்த நாள். மற்ற நாளெல்லாம், தெருவே உறைந்து கிடந்த காலையில்கூட, கார் எழும்பியிருக்கிறது.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"குளிருக்கு நாள் கிழமை தெரியாது, பிள்ளை," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் விளக்கினார். ஜப்பான்காரன் வந்த சமயம், வண்டிகள் அவன் கையில் சிக்கக் கூடாதென்று வெள்ளைக்காரன் ஒரு வழி சொல்லிக் கொடுத்தானாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற ரோட்டர் என்கிற சின்னச் சாமானை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவது. எஞ்சின் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் நெருப்புப் பொறி பிளக்குக்குப் போகாது. உருவியவன் திரும்ப வந்து மாட்டினால் ஒரே திருப்பில் எழும்பும். உன் கையிலும் குற்றமில்லை, சோக்கிலும் குற்றமில்லை, சீதா. மாப்பிள்ளைதான் அதை உருவி வைத்துக்கொண்டு, இத்தனை நாளாக உன்னை ஒன்றுக்கும் உதவாதவள் என்று நம்ப வைத்திருக்கிறார்.

செப்டம்பரில் அங்கே பனி பெய்யாது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. இனி நீ எப்படி விழுந்தாய் என்று நான் கேட்க மாட்டேன். நீயும் எனக்காக ஒரு காரணம் தேட வேண்டாம்.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரேக்கில் இருந்து ரோட்டர் பெட்டியை எடுத்து, ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார். "முதல்ல நம்ம புள்ளைங்க ரெண்டும் வெளிய வரட்டும். மத்தத அப்புறம் பாப்போம்," என்றார். இங்கே ஓடுகிற மோரிஸுக்கும் அங்கே ஓடுவதற்கும் ஒரே ரோட்டர்தான். சாந்தினிக்குத் தைத்த பூப்போட்ட கவுனின் மடிப்புக்குள் வைத்துத் தனிப் பார்சலில் ஆஸ்பத்திரிக்கே அனுப்பியிருக்கிறேன்.

மாட்டுவது சுலபம். எஞ்சின் பக்கவாட்டில் தடித்த வயர்கள் வந்து கூடுகிற கறுப்பு மூடிதான் டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டு பக்கமும் கம்பிக் கிளிப். நெம்பினால் விடும். வயர்களைக் கழற்ற வேண்டாம், மூடியை மட்டும் தூக்கு. நடுவில் ஒரு தண்டு நிற்கும். அதன் தலையில் ரோட்டரை அழுத்து. ஒரே வாக்கில்தான் உட்காரும், தப்பாகப் போட உன்னால் முடியாது. மூடியை வைத்துக் கிளிப்பை மாட்டிவிடு.

உங்கள் தெரு சரிவான தெரு என்று எழுதியிருந்தாய். காரின் மூக்கு கீழே பார்த்து நிற்கிற நாளாகப் பார். சாவியைத் திருப்பி வைத்து, இரண்டாம் கியரில் கிளட்சை அழுத்தி, கை பிரேக்கை விட்டால் சத்தமில்லாமல் உருளும். தெரு முனைக்குப் போனதும் கிளட்சை விடு. எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

புது ரோட்டர் ஒரு தடவைதான் உதவும். பிறகு அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் வேறு எதற்கும் அதை எடுக்காதே. வீரம்மாவுக்கு நான் போன் பண்ணிவிட்டேன். எப்போது வந்தாலும் கதவு திறப்பாள். உன் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று பார். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது.

தாயே மாரியம்மா, என் தங்கையைக் காப்பாற்று என்று மட்டும்தான் எனக்கு இப்போது எழுத வருகிறது.

அக்கா


கிள்ளான்
15.2.1982

அன்புள்ள சீதா,

லெஸ்டரில் இருந்து நீ எழுதிய கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். ஜெஞ்சாரோம் வொர்க்ஷாப்பில் இருந்து ஆள் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. அவர் சாமான் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவர் வேலைக்குப் போன பிறகு போனட்டைத் திறந்து பார்த்தாய், தண்டு மொட்டையாக நின்றது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது, போட்டுக்கொண்டால் கிளிப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஜன்னலில் நின்று பார்த்தாள், பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.

பெரிய ரோட்டில் ஈரக்காற்றில் வண்டி திணறி நின்றபோது நீ பயந்து அழவில்லை என்பது எனக்குப் பெருமை. லோரிகள் உரசிக்கொண்டு போக, அப்பா வருகிறாரா என்று பின்சீட்டில் சாந்தினி கேட்டுக்கொண்டே இருக்க, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாய். திரும்ப முடுக்கியதும் எழும்பியது. கார்த்திகேசு அங்கிளிடம் போய் இதைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

இனி எழுத வேண்டியது சந்தோஷமான செய்தி இல்லை. மறைத்தால் நீ வேறு யாரிடமாவது கேட்பாய். நீ போய்ச் சேர்ந்த மறுநாள் மாப்பிள்ளை கடைக்குப் போன் பண்ணினார். நான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன், அப்பாதான் எடுத்தார். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, யார் பேச்சையோ கேட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய் என்று அழுதிருக்கிறார். அப்பா அதை நம்பிவிட்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கடையில் இருந்த ஒரு ரோட்டரைக் காட்டிக்கூடச் சொன்னேன்.

"புருசன் வண்டிச் சாமான எடுத்து வச்சதுக்கெல்லாம் ஒருத்தி வீட்ட விட்டு வருவாளா?" என்று கேட்டார்.

உன் மணிக்கட்டு வீங்கியது விழுந்ததால் இல்லை, மாப்பிள்ளை கையை முறுக்கியதால் என்பதையும் சொன்னேன். அப்பாவோ, நீ திரும்பிப் போகிற வரைக்கும் உன் பேச்சை எடுக்கக் கூடாது என்றார். மாப்பிள்ளைக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். நான் முடியாது என்றேன். தானே எழுதினார். உச்சி வெயிலில் தபால் கந்தோருக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார். வந்ததும் படுத்தவர் இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கஞ்சி வைத்துக் கொடுக்கும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. நீ மனதைத் தளரவிடாதே. பாஸ்போர்ட் மாப்பிள்ளையிடம் இருந்தால் என்ன, வேறு வழி கேட்டுப் பார்க்கலாம்.

வீரம்மாவுக்கு நாங்கள் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

உன் அக்கா,
இராஜம்மா


கிள்ளான்
19.4.1982

என் உயிரான சீதாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அப்பாவின் காரியங்களெல்லாம் முடிந்தன. மகன் இல்லாத குறை தெரியாமல் அத்தான் கொள்ளி வைத்தார். பிரிக்பீல்ட்ஸில் இருந்து நிறையப் பேர் வந்தார்கள். உன்னைக் கேட்டவர்களிடம், பயணப்பட முடியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மூச்சு விடவே கஷ்டப்பட்டார். உன் பேரை அவர் சொல்லவில்லை, சீதா. பொய் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு நாள் காலை நான் முகம் துடைத்துவிடும்போது, "அங்க பனி விட்டுருச்சா?" என்று கேட்டார். விட்டுவிட்டது அப்பா, இப்போது பூ பூக்கிற மாதம் என்றேன். தலையை ஆட்டினார். அவர் கேட்டது அவ்வளவுதான். அதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் எனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டேன்.

உன்னால்தான் அப்பா செத்தார் என்று மாப்பிள்ளை லெஸ்டருக்கே வந்து உன் முகத்துக்கு நேரே சொன்னதாக வீரம்மா எழுதியிருக்கிறாள். நெஞ்சுச் சளி பல வருடமாக அரித்தது என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். ரோடு போடுகிற வேலையில் தாரும் புகையும் தின்ற நெஞ்சு அது. நீ காரணமில்லை. இதை நான் நூறு தடவை எழுதினாலும் அவர் ஒரு தடவை சொன்னதுதான் உன் காதில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நீ காரணமில்லை.

நீ திரும்பிப் போகலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். அவர் தன் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, சாந்தினியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் அழுதார் என்கிறாய். குழந்தை ஒவ்வொரு நாளும் அப்பா எங்கே என்று கேட்டுப் படுக்கையை நனைக்கிறாள். வீரம்மாவின் நர்ஸ் விடுதி அறையில் நீ குழந்தையோடு தங்க இனி விட மாட்டார்கள். குழந்தையின் பேர் அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அவர் கையெழுத்து இல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு நீ கப்பலும் ஏற முடியாது, விமானமும் ஏற முடியாது. எல்லாம் எனக்குப் புரிகிறது. ஷா ஆலமில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வழக்கை அங்கேயே கோர்ட்டில்தான் போட வேண்டும், நாள் பிடிக்கும் என்றார்.

நீ போகாதே என்று நான் இங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிடலாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஊரில் நிற்பவள் நீ. ஆனாலும் கேட்கிறேன், இன்னும் ஒரு மாதம் பொறு. கோடைக்கு நானே வருகிறேன். அத்தான் சம்மதித்துவிட்டார். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் உன் பக்கத்தில் நிற்க ஆங்கிலம் எதற்கு?

நான் வருகிற வரைக்கும் பொறு, கண்ணே.

அக்கா


கிள்ளான்
21.6.1982

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கும் அன்புத் தங்கை சீதாலெட்சுமிக்கும் இராஜம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் மூவரின் நலத்துக்கும் அம்மனைப் பிரார்த்திக்கிறோம்.

மாப்பிள்ளையின் கடிதம் கிடைத்தது. சீதாவும் குழந்தையும் வீடு திரும்பிவிட்டதையும், குடும்பத்தில் மனஸ்தாபம் தீர்ந்து எல்லோரும் சுகமாக இருப்பதையும் விவரமாக எழுதியிருந்தீர்கள். அடியில் சீதாவின் கையெழுத்தில், "நலம், அக்கா" என்று இருந்ததையும் பார்த்தோம். நான் இப்போது வர வேண்டியதில்லை, வந்தால் இட வசதி போதாது என்று எழுதியிருப்பதைப் புரிந்துகொண்டேன். பயணத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

சீதாவுக்கு வீட்டு வேலையும் குழந்தையும் இருக்க, வார்டு வேலை தேவையில்லை என்று நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அது உங்கள் குடும்ப முடிவு. மோரிஸ் காரையும் விற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய வண்டி, செலவு வைக்கும் என்பது சரிதான். இனி காரைப் பற்றிச் சீதாவுக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை. வேறு என்ன எழுதுவது என்று இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே மழையே இல்லை. கடை வியாபாரம் சுமார். உங்கள் சகலை சபாபதி உங்களுக்கு அன்பைத் தெரிவிக்கச் சொன்னார்.

மாப்பிள்ளை, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சீதா சிறுவயதில் இருந்தே எதையும் வாய் திறந்து கேட்க மாட்டாள். பசித்தால்கூடச் சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா பார்த்தார், பிறகு நான் பார்த்தேன். இப்போது அங்கே அவள் முகத்தைப் பார்க்க உங்களைத் தவிர யாரும் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், மாதம் ஒரு தடவையாவது அவள் கைப்பட ஒரு பக்கம் எழுதவிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

சீதா, அப்பா படுத்திருந்த மாடி அறையைக் கழுவிவிட்டுப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். பெரிய கட்டில் ஒன்றும் சின்னக் கட்டில் ஒன்றும் போட்டிருக்கிறேன். வாடகைக்குக் கேட்டு ஒரு குடும்பம் வந்தது, நல்ல மனிதர்கள். இல்லை, அந்த அறைக்கு ஆள் வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எப்போது வருவார்கள் என்று கேட்டார்கள். எப்போது வந்தாலும் வரட்டும் என்றேன்.

தாய் மாரியம்மன் உன்னையும் சாந்தினியையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா இராஜம்மா